உடையவரும் உரியவரும்

பணத்தால் வெற்றியை விலைக்கு வாங்க முடியுமா? ஐரோப்பியக் கால்பந்துப் பருவம் முடிவடையும் ஒவ்வொரு மே மாதமும் முதலாளித்துவ ஏடுகளின் விளையாட்டுப் பக்கங்கள் தவறாமல் எழுப்பும் கேள்வி இது. விடைகளும் ஆண்டுதோறும் அவையேதான். எண்ணெய்ப் பணம் கொட்டப்பட்ட ஓர் அணி கோப்பையைத் தூக்கினால், 'காசிருந்தால் எதுவும் முடியும்' என்று ஒரு சாரார் பெருமூச்சு விடுகிறார்கள். கோடிகளை இறைத்தும் ஓர் அணி தோற்றால், 'பார்த்தீர்களா, பணத்தால் எல்லாவற்றையும் வாங்கிவிட முடியாது' என்று மறுசாரார் மனந்தேறுகிறார்கள்.

இருவரும் எதிரெதிர் நின்று வாதிடுவதுபோலத் தோன்றும். ஆயினும் ஒரு கேள்வியை இருவருமே கேட்பதில்லை. நூறாண்டுக்கு மேலாக ஒரு நகரத்தின் உழைக்கும் மக்கள் கூடிக் கட்டிய கால்பந்துக் கழகம் வாங்கவும் விற்கவும் கூடிய பண்டமாக ஆனது எப்படி? அதை வாங்குகிற தகுதியை ஒரு தனிமனிதருக்கு வழங்கியது யார்? இதைக் கேட்காதவரை முதற்கேள்விக்கு எந்த விடை சொன்னாலும் முதலாளிக்கு நட்டமில்லை.

கட்சி ஏட்டுக்கு நெடுங்காலமாக மொழிபெயர்ப்புப் பணி செய்து வருபவன் என்ற முறையில் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். கழகத்தை வாங்கிய கோடீசுவரரைத் தமிழ் நாளேடுகள் அதன் 'உரிமையாளர்' என்று எழுதுகின்றன. நானும் பலமுறை அவ்வாறே எழுதியிருக்கிறேன். இப்போது அச்சொல் உறுத்துகிறது. பங்குப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர் ஒன்றை உடையவர். அதை உருவாக்கி, தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர் அதற்கு உரியவர். உடைமை வேறு, உரிமை வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால், வாங்கியவனே உரியவன் என்ற எண்ணம் வாசகர் மனத்தில் வாதமின்றியே குடியேறிவிடுகிறது. இக்கட்டுரையில் அவர்களை உடைமையாளர் என்றே குறிக்கிறேன்.

வேலையின்மையும் விலைவாசியும் மக்களை வாட்டும் வேளையில் கால்பந்து எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கொல்கத்தாவிலும் கோழிக்கோட்டிலும் கோவாவிலும் வாழும் தோழர்கள் கேட்கமாட்டார்கள். தொழிலாளி தன் ஓய்வுநேரத்தை எங்கே, யாரோடு, எதற்காகச் செலவிடுகிறார் என்பது அரசியல் கேள்வி. அந்த ஓய்வுநேரத்தையும் மூலதனம் எப்படி இலாபத்துக்குரிய நிலமாக்குகிறது என்பதும் அரசியல் கேள்வியே.

வாங்கலாம், ஐயமில்லை

முதலில் உண்மையை ஒப்புக்கொள்வோம். பணத்தால் வெற்றியை வாங்க முடியும். பொருளியலாளர் ஸ்டீபன் சிமான்ஸ்கியும் இதழாளர் சைமன் கூப்பரும் 1978 முதல் 1997 வரை இங்கிலாந்தின் 40 கழகங்களுடைய கணக்குகளை ஆராய்ந்தனர். லீக் பட்டியலில் கழகங்களுக்கிடையே இருந்த ஏற்றத்தாழ்வில் 92 விழுக்காட்டை, அவை ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த சம்பளத்தைக் கொண்டே விளக்க முடிந்தது. ஆட்டக்காரர்களை வாங்குவதற்குக் கொடுத்த விலையோ 16 விழுக்காட்டை மட்டுமே விளக்கியது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால் 'வாங்க முடியாது' என்போரின் குழப்பம் தீரும். ஒரு பெரும் பெயரை ஒரு கோடைகாலத்தில் வாங்குவது சூதாட்டம், தோற்கலாம். ஆண்டுக்கணக்கில், அணி முழுமைக்கும், மற்றவர்களைவிட உயர்ந்த கூலி கொடுப்பவர் பெரும்பாலும் தோற்பதில்லை. திறன்மிக்க உழைப்பைக் குவித்து வைத்திருப்பவர் வெல்கிறார். ஆடுகளத்தில் வெற்றியை உண்டாக்குவது உழைப்பே என்ற நம் வாதத்தைத்தான் அந்த 92 விழுக்காடு மெய்ப்பிக்கிறது.

பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கழகத்தைப் பாருங்கள். கத்தார் அரசின் முதலீட்டு அமைப்பு 2011-இல் அதனை வாங்கியது. 2017-இல் நெய்மார் ஒருவருக்காக மட்டும் 22.2 கோடி யூரோ கொடுத்தது. அதே கோடையில் எம்பாப்பே வந்தார். 2021-இல் மெஸ்ஸி வந்தார். சாம்பியன்ஸ் லீக் கோப்பை வரவில்லை. அம்மூவரும் வெளியேறிய பின்னர், 2025 மே மாதத்தில், இன்டர் மிலான் அணியை 5-0 என வீழ்த்திக் கோப்பையைப் பெற்றது. 'நட்சத்திரங்கள் போனார்கள், கூட்டுணர்வு வென்றது' என்று ஏடுகள் எழுதின. நட்சத்திரங்கள் போனது மெய்தான். பணப்பெட்டி போகவில்லையே! அதே கத்தார் நிதி, இளம் ஆட்டக்காரர்களைக் கோடிகள் கொடுத்து வாங்கிக் கட்டிய அணிதான் வென்றது. மூலதனம் தன் தவறிலிருந்து கற்றுக்கொண்டு, அதே பணத்தை முன்னினும் கவனமாகச் செலவிட்டது.

அந்தப் பணத்தின் மூலம் எது? எண்ணெயும் எரிவாயுவும் மட்டும் அல்ல. வளைகுடா நகரங்களையும் விளையாட்டரங்குகளையும் கட்டியவர்கள் நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் சென்ற தொழிலாளர்கள். உலகக்கோப்பைக்கான பணிகளில் 400 முதல் 500 தொழிலாளர்கள்வரை இறந்திருக்கலாம் என்று 2022-இல் கத்தாரின் போட்டி அமைப்புத் தலைவரே ஒப்புக்கொண்டார். பாரிஸில் தூக்கப்படும் கோப்பையில் அவர்களுடைய வியர்வையும் இருக்கிறது.

மறுசாராரின் பெரும்படைக்கலம் லெஸ்டர் சிட்டி. 2016-இல், ஒன்றுக்கு ஐயாயிரம் என்று பந்தயக்காரர்கள் கணித்திருந்த அந்த அணி இங்கிலாந்தின் பிரீமியர் லீகை வென்றது. ஏழை அணி என்றார்கள். அதன் உடைமையாளரோ தாய்லாந்தின் தீர்வையில்லாக் கடைகளால் செல்வம் சேர்த்த கோடீசுவரர். வெற்றிக்குப்பின் நடந்ததையும் பார்க்கவேண்டும். அதே கோடையில் காண்டேயைச் செல்சி வாங்கியது. 2018-இல் மாரெஸை மான்செஸ்டர் சிட்டி வாங்கியது. 2023-இல் லெஸ்டர் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஓராண்டில் ஏறிவந்து 2025-இல் மீண்டும் இறங்கியது. பரிசுச்சீட்டில் ஒரு தொழிலாளிக்கு ஒருமுறை பரிசு விழுந்ததைக் காட்டிச் சமத்துவம் நிலவுகிறது என்று வாதிடுவோரை நாம் அறிவோம். லெஸ்டரைக் காட்டுவோரும் அவர்களே.

ஒரு நெசவாலை நகரத்தின் கதை

இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயர் வட்டாரத்தில், பிளாக்பர்ன் என்றொரு நகரம் இருக்கிறது. பெரிய ஊரன்று. ஆனால் முதலாளியின் பணத்துக்கும் கால்பந்து வெற்றிக்கும் உள்ள உறவின் வரலாறு ஏறத்தாழ முழுமையாக அங்கே நடந்தேறியிருக்கிறது.

1883-இல் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில், ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியைப் பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி 2-1 என வென்றது. அதுவரை அக்கோப்பையைத் தென்னிங்கிலாந்தின் கனவான்களே வைத்திருந்தார்கள். ஒலிம்பிக் அணியிலோ நெசவாளர்களும் நூற்பாலைத் தொழிலாளரும் வார்ப்பாலைத் தொழிலாளரும் இருந்தனர். உழைப்பாளி வர்க்கத்தின் அணி ஒன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதன்முறை.

இந்த வெற்றியைப் போற்றும்போது நம்மவர்கள் ஒரு செய்தியை விட்டுவிடுவது வழக்கம். அந்த அணி ஆட்டத்துக்கு முன் வேலைக்குச் செல்லாமல் பிளாக்பூல் கடற்கரையில் தங்கிப் பயிற்சி பெற்றது. அதற்குப் பணம் தந்தவர் உள்ளூர் வார்ப்பாலை முதலாளி ஒருவர். அன்றும் பணம் இருந்தது, முதலாளியும் இருந்தார். ஆறே ஆண்டுகளில், 1889-இல், போட்டிக்கு ஈடுகொடுக்கப் பணமின்றி ஒலிம்பிக் கழகம் கலைந்தது. அதே ஊரின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் நிலைத்தது. 1888-இல் தொடங்கிய கால்பந்து லீகின் 12 நிறுவனக் கழகங்களுள் ஒன்றானது. ஆகவே, அந்தக் காலத்தில் விளையாட்டு தூய்மையாக இருந்தது என்னும் ஏக்கம் நமக்கு வேண்டியதில்லை. ஆட்டக்காரருக்கும் அது பொற்காலமன்று. வாரம் 20 பவுண்டுக்குமேல் சம்பளம் தரக்கூடாது என்ற உச்சவரம்பு, ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு அணியமானபின், 1961-இல்தான் நீங்கியது.

ஆயினும் அன்றைய ஒழுங்கில் ஒரு தடுப்பு இருந்தது. கழகங்கள் வழங்கும் ஈவுத்தொகைக்கு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் வரம்பு விதித்திருந்தது. இயக்குநர்கள் சம்பளம் பெறக் கூடாது. கழகத்தை மூடினால் மிஞ்சும் சொத்து அதன் பங்குதாரருக்குப் போகாது. முதலாளி கழகத்தில் பெருமை தேடலாம். பணம் பெருக்க முடியாது. 1983-இல் டாட்டன்ஹாம் கழகம் தனக்கு மேலே ஒரு தாய் நிறுவனத்தை உருவாக்கி, அதைப் பங்குச்சந்தையில் பட்டியலிட்டு, இந்த விதியைச் சுற்றிவளைத்துக் கடந்தது. சங்கம் வாளாவிருந்தது. அதே ஆண்டில், ஊருக்கு வந்து ஆடும் அணிக்கு நுழைவுக் கட்டணத்தில் பங்கு தரும் லீக் வழக்கமும் ஒழிக்கப்பட்டது. 1992-இல் முதற்பிரிவுக் கழகங்கள் தொலைக்காட்சிப் பணத்தைத் தமக்குள்ளேயே பங்கிட்டுக்கொள்ள லீகிலிருந்து பிரிந்து பிரீமியர் லீகை அமைத்தன. தாட்சர் அரசு பொதுத்துறையை விற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில் கால்பந்தும் விற்பனைக்கு வந்தது.

பிளாக்பர்னுக்குத் திரும்புவோம். அவ்வூரில் பிறந்த ஜாக் வாக்கர் தம் எஃகு வணிக நிறுவனத்தை 1989-இல் பிரிட்டிஷ் ஸ்டீலுக்கு விற்றார். பிரிட்டிஷ் ஸ்டீல் அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில்தான் தனியார்மயமாகியிருந்தது. விற்ற பணத்தோடு, வரி குறைந்த ஜெர்சித் தீவில் வாழ்ந்த வாக்கர், 1991-இல் ரோவர்ஸ் கழகத்தைக் கைக்கொண்டார். புகழ்பெற்ற மேலாளர் டால்கிளீஷ் வந்தார். ஆலன் ஷீரர் 33 இலட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்டார். 1995 மே மாதத்தில் ரோவர்ஸ், 81 ஆண்டுகளுக்குப்பின், இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது.

வாக்கர் அந்த ஊரை நேசித்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஊர் மக்கள் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அந்த நன்றியை நான் எள்ளி நகையாடமாட்டேன். ஆனால் நான்கே ஆண்டுகளில், 1999-இல், அந்த அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. மறு ஆண்டு வாக்கர் காலமானார். கழகம் வாரிசுகளின் அறக்கட்டளைக்குச் சொத்தாகப் போயிற்று. வாங்க ஆளுக்காகக் காத்திருந்தது. ஒரு நல்ல மனிதரின் பாசத்தின்மேல் கட்டப்பட்ட கழகத்துக்கு அவர் ஆயுளே எல்லை.

புனேயிலிருந்து வந்தவர்கள்

அந்தக் காத்திருப்பு 2010 நவம்பரில் முடிந்தது. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட கோழி வணிக நிறுவனமான வெங்கீஸ் ஏறத்தாழ 2.3 கோடி பவுண்டுக்குப் பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கியது.

இந்த இடத்தில் வரலாறு ஒரு வளையம் போட்டது. பிளாக்பர்ன் ஆலைகள் நெய்த துணியின் பெரும்பகுதி இந்தியச் சந்தைக்கானது. நம்மவர் உடுத்திய வேட்டிகள் அங்கே நெய்யப்பட்டன. நம் கைத்தறி நெசவாளரின் பிழைப்பை அழித்த துணி அது. அந்நியத் துணிப் புறக்கணிப்பு வலுத்த பின்னர், 1931 செப்டம்பரில், வேலையிழந்து நின்ற லங்காஷயர் தொழிலாளரைச் சந்திக்கக் காந்தி அந்த வட்டாரத்துக்கே சென்று, பிளாக்பர்னை அடுத்த டார்வெனில் தங்கினார். ஆலைத் தொழிலாளர்கள் அவரை அன்போடு வரவேற்றனர். இருபுறத்து நெசவாளருக்கும் பகைவன் எதிர்ப்புறத்து நெசவாளன் அல்லன் என்ற உண்மையின் ஒரு மின்னல் அந்த வரவேற்பில் இருந்தது.

எண்பது ஆண்டு கழித்து இந்திய மூலதனம் அந்த ஊரின் கழகத்தை வாங்கியபோது, நம்மை ஆண்டவர்களின் சொத்தை நம்மவர் வாங்கிவிட்டார் என்று பெருமைப்படுவது எளிது. அது போலிப் பெருமை. இங்கே அழிந்த நெசவாளருக்கு ஈடு கிடைத்துவிடவில்லை. அங்கே வேலையிழந்த நெசவாளரின் பேரன், தன் தாத்தா காலத்திலிருந்து சென்றுவந்த அரங்கத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லும் இடத்தையும் இழந்தான். மூலதனம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு வந்தாலும் அதன் குணம் ஒன்றுதான்.

பின் நடந்தது பொதுவெளியில் பதிவானது. வாங்கிய சில வாரங்களிலேயே அனுபவமிக்க மேலாளர் அல்லார்டைஸ் நீக்கப்பட்டார். 2012 மே மாதத்தில் அணி பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது. அன்றைய ஆட்டத்தில் ரசிகர்கள் கழகக் கொடி போர்த்திய கோழியொன்றை ஆடுகளத்துக்குள் விட்டுத் தங்கள் எதிர்ப்பைக் காட்டினர். 2017-இல் அணி மூன்றாம் பிரிவுக்கே இறங்கியது. உடைமையாளர்கள் பணம் போடவில்லை என்று சொல்ல முடியாது; ஆண்டுதோறும் கோடிகளைப் போட்டார்கள். 2023-க்குப் பின், இந்தியாவில் நடந்த விசாரணை ஒன்றின் காரணமாக, கழகத்துக்குப் பணம் அனுப்பவே தில்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. லங்காஷயரின் ஒரு கால்பந்துக் கழகம் இடைநிலை ஆட்டக்காரரைத் தக்கவைக்குமா விற்குமா என்பது தில்லியின் நீதிமன்ற நாட்குறிப்பைப் பொறுத்ததாயிற்று. இதுதான் உடைமை என்பதன் பொருள்.

ஒரே ஊர். ஒரு முதலாளியின் பணம் கோப்பையைக் கொண்டுவந்தது. இன்னொருவரின் பணம் கொண்டுவரவில்லை. இரண்டு காலத்திலும் ஊர் மக்களுக்கு இருந்த அதிகாரம் ஒன்றே: கைதட்டலாம், அல்லது கூச்சலிடலாம்.

மான்செஸ்டரின் இரு பாடங்கள்

பிளாக்பர்னிலிருந்து சற்றேறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தொலைவில் மான்செஸ்டர். அங்கே அபுதாபி அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் மன்சூரின் நிறுவனம் 2008-இல் மான்செஸ்டர் சிட்டியை வாங்கியது. 2012 முதல் 2024 வரை எட்டு லீக் பட்டங்கள். 2023-இல் ஒரே பருவத்தில் மூன்று பெருங்கோப்பைகள். நிதி விதிகளை மீறியதாக 2023 பிப்ரவரியில் பிரீமியர் லீக் நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது; கழகம் அவற்றை மறுக்கிறது. குற்றச்சாட்டு மெய்யோ பொய்யோ, நிதி விதி என்பதன் தன்மையைக் கவனிக்கவேண்டும். வரவுக்கேற்பச் செலவிடு என்கிறது அந்த விதி. ஏற்கெனவே பெருத்த வரவுள்ளவன் என்றும் பெருஞ்செலவு செய்யலாம் என்பதுதான் அதன் மறுபக்கம். புதுப்பணக்காரரிடமிருந்து பழம்பணக்காரரைக் காக்கும் வேலியைச் சமத்துவம் என்று பெயரிட்டு விற்கிறார்கள்.

அதே நகரின் மான்செஸ்டர் யுனைடெட், 1878-இல் இரயில்வேப் பெட்டித் தொழிலாளர்கள் தொடங்கிய நியூட்டன் ஹீத் கழகத்தின் வழிவந்தது. அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் 2005-இல் 79 கோடி பவுண்டு மதிப்பில் அதை வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனின் சுமையோ வாங்கிய குடும்பத்தின் தலையில் விழவில்லை. கழகத்தின் தலையில் ஏற்றப்பட்டது. ஒரு வீட்டை வாங்கிவிட்டு, தவணையைக் குடியிருப்பவரைக் கட்டச்சொல்வது போன்றது இது. வட்டியாகவும் ஈவுத்தொகையாகவும் பிற செலவாகவும் அதன்பின் கழகத்தைவிட்டு வெளியேறிய தொகை 100 கோடி பவுண்டைத் தாண்டுகிறது. 2024-இல் ஏறத்தாழ நான்கிலொரு பங்கை வேதித்தொழில் முதலாளி ராட்கிளிஃப் வாங்கி, விளையாட்டு நிர்வாகத்தைக் கையிலெடுத்தார். அந்த ஆண்டு சுமார் 250 ஊழியர் வேலையிழந்தனர். 2025-இல் மேலும் 200 பேர்வரை நீக்கப்படுவர் என்று அறிவிக்கப்பட்டது. ஊழியர்க்கு வழங்கிவந்த இலவச மதிய உணவும் நின்றது. அணி 15-ஆம் இடத்தில் முடித்தது. ஆட்டக்காரரைத் தவறாகத் தேர்ந்தவர் எவரோ, மதிய உணவை இழந்தவர் அலுவலக ஊழியர்.

சிட்டியில் பணம் உள்ளே வந்தது. யுனைடெட்டில் வெளியே போயிற்று. ஒன்று வென்றது, மற்றொன்று சரிந்தது. ஆயினும் 2021 ஏப்ரலில் இவ்விரண்டின் உடைமையாளர்களும் ஒரே தாளில் கையெழுத்திட்டார்கள். எவ்வளவு தோற்றாலும் நிறுவன உறுப்பினர் வெளியேற்றப்படாத 'ஐரோப்பிய சூப்பர் லீக்' என்னும் மூடிய சந்தையை 12 கழகங்கள் அறிவித்தன. போட்டியைப் போற்றும் முதலாளித்துவம், வாய்ப்புக் கிடைத்ததும் போட்டியை ஒழித்து ஏகபோகத்தை நாடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? ரசிகர்கள் அரங்குகளின் வாயிலில் திரண்டனர். மூன்றே நாட்களில் இங்கிலாந்தின் ஆறு கழகங்களும் பின்வாங்கின. உடையவர்கள் எழுதியதை உரியவர்கள் கிழித்தெறிந்தார்கள்.

கொல்கத்தா மைதானத்தில்

இங்கிலாந்தில் ரசிகர்கள் தடுத்து நிறுத்திய அந்த மூடிய லீகை நம் நாட்டில் 2014-இல் கோலாகலமாகத் தொடங்கினார்கள். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010-இல் ரிலையன்சும் ஐ.எம்.ஜி.யும் இணைந்த நிறுவனத்துக்கு 15 ஆண்டு வணிக உரிமையை 700 கோடி ரூபாய்க்கு அளித்தது. அதன் விளைவே இந்தியன் சூப்பர் லீக். களத்தில் ஆடி மேலேறி வந்த கழகங்களுக்கு அங்கே இடமில்லை; கட்டணம் செலுத்திய முதலாளிகளுக்கும் அவர்களோடு நின்ற திரைநட்சத்திரங்களுக்கும் இடமிருந்தது.

1911 ஜூலை 29 அன்று, ஒருவரைத் தவிர அனைவரும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்ற மோகன் பாகான், அந்த லீகுக்கு வெளியே நின்றது. பிரிவினையில் வீடிழந்து வந்த அகதிகள் தம் ஊராகவே கொண்டாடிய ஈஸ்ட் பெங்கால் வெளியே நின்றது. இக்கழகங்களின் பழைய நிர்வாகங்கள் மக்களாட்சியின் கோயில்கள் என்று நான் சொல்லவில்லை. 1990-களின் இறுதியில் ஒரே மதுபான நிறுவனம் இரு எதிரணிகளுக்கும் தன் பண்டங்களின் பெயரைச் சூட்டியபோது இரு நிர்வாகங்களும் ஏற்றுக்கொண்டன. ஆயினும் அவை உறுப்பினர் கழகங்களாக இருந்தன.

2020-இல் மோகன் பாகானின் கால்பந்துப் பிரிவு, சூப்பர் லீகில் ஏற்கெனவே ஆடிவந்த அணியின் உடைமையாளரோடு இணைக்கப்பட்டது. 80 விழுக்காடு நிறுவனத்துக்கு. 20 விழுக்காடு 131 ஆண்டுக் கழகத்துக்கு. போட்டி அணியின் பெயரைத் தம் கழகத்தின் பெயருக்கு முன் பார்த்த ரசிகர்கள் மூன்றாண்டு போராடி 2023-இல் அதை நீக்கச் செய்தனர். ஆனால் நிறுவனம் தன் கிரிக்கெட் அணியின் பெயரைப் பின்னொட்டாக ஒட்டியது. ஈஸ்ட் பெங்காலில் முதலீட்டாளரோடு இறுதி ஒப்பந்தம் பற்றிய தகராறில் 2021 ஜூலையில் கழக வாயிலில் கூடிய ரசிகர்கள்மீது காவல்துறை தடியடி நடத்தியது.

இவ்வளவு விலை கொடுத்து என்ன கிடைத்தது? 2022-இல் சூப்பர் லீக் சாம்பியனான ஐதராபாத் அணி, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தரமுடியாமல் தவித்து, 2025-இல் ஊரையே விட்டுத் தில்லிக்குப் பெயர்ந்தது. வணிக உரிமை ஒப்பந்தம் முடியும் தறுவாயில், 2025 ஜூலையில், லீகே நிறுத்திவைக்கப்பட்டது. சில கழகங்கள் ஆட்டக்காரர், ஊழியர் சம்பளத்தை நிறுத்தின. நவம்பரில் புதிய ஒப்பந்தப்புள்ளிக்கு ஒருவர்கூட முன்வரவில்லை. மான்செஸ்டர் சிட்டியின் தாய் நிறுவனம் 2019-இல் மும்பை சிட்டியின் 65 விழுக்காட்டை வாங்கி, பட்டங்களையும் பெற்று, 2025 டிசம்பரில் கைகழுவிச் சென்றது. அதே ஆண்டில் இந்திய அணி, ஆசியக் கோப்பைக்கே தகுதிபெறாமல் போயிற்று.

இதற்கு மாற்று கற்பனையில் மட்டும் இல்லை. திருச்சூர் அரங்கில் சோடா விற்ற சிறுவன் ஐ.எம். விஜயன் கேரளக் காவல்துறை அணியில் வேலையும் ஆட்டமும் பெற்றார். அந்த அணி 1990-லும் 1991-லும் கூட்டமைப்புக் கோப்பையை வென்றது. இரயில்வே, பொதுத்துறை வங்கிகள், சென்னையின் இரயில் பெட்டித் தொழிற்சாலை போன்றவை ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தந்து ஆடவைத்தன. முதலாளி ஓடிப்போவார் என்ற அச்சமின்றி அவர்கள் ஆடினார்கள். பொதுத்துறை சுருங்கியபோது அந்த வாசலும் சுருங்கியது.

நல்ல முதலாளி வருவாரா?

இத்தனைக்குப் பின்னும் ரசிகர் மனத்தில் ஓர் ஆசை எஞ்சும்: நமக்கு ஒரு நல்ல முதலாளி வாய்த்தால் போதுமே! செல்சி ரசிகர்களுக்கு வாய்த்தார். சோவியத் மக்களின் சொத்து சூறையாடப்பட்ட 1990-களில் எண்ணெய் நிறுவனத்தை அடிமாட்டு விலைக்குப் பெற்ற அப்ரமோவிச் 2003-இல் வந்தார், பட்டங்களைக் குவித்தார். 2022 மார்ச்சில் உக்ரைன் போரையொட்டி அவருடைய சொத்து முடக்கப்பட்டபோது, கழகம் புதிய நுழைவுச்சீட்டுகூட விற்க முடியாமல் அரசின் சிறப்பு உரிமத்தில் மூச்சுவிட்டது.

ஜெர்மனியின் விதி வேறு. அங்கே கழகத்தின் வாக்குகளில் பாதிக்குமேல் உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும். இதைச் சொன்னால், பாயர்ன் மியூனிக் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 பட்டங்களை வென்றதே, அங்கே சமத்துவம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உறுப்பினர்களுக்குச் சொந்தமான பார்சிலோனாவே 2021-இல் 100 கோடி யூரோவைத் தாண்டிய கடனில் மூழ்கி மெஸ்ஸியை இழந்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். சந்தைக்கடலில் ஒரு கூட்டுறவுத் தீவு கடலின் விதியிலிருந்து தப்பிவிடாது. வருவாய்ப் பகிர்வு இல்லாமல் சமத்துவம் வராது. ஆனால் உறுப்பினர் கழகம் தவறு செய்தால் உறுப்பினர் தலைமையை மாற்றலாம். கழகத்தை இரவோடிரவாக விற்றுவிட எவராலும் முடியாது. 1885-இல் தோன்றிய, இருமுறை எஃப்.ஏ. கோப்பை வென்ற பெரி கழகம், ஒரு பவுண்டுக்குக் கைமாறி, எட்டே மாதங்களில் 2019 ஆகஸ்டில் லீகிலிருந்து நீக்கப்பட்டதே, அத்தகைய கதி அங்கே எளிதில் நேராது. கிளேசர்களை எதிர்த்து வெளியேறிய ரசிகர்கள் 2005-இல் தொடங்கிய எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர், ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்ற விதியோடு இன்றும் ஆடுகிறது. பெருங்கோப்பை எதையும் வெல்லவில்லை. ஆனால் அதை எவரும் வாங்கமுடியாது.

நம் கோரிக்கைகள் இங்கிருந்து பிறக்கவேண்டும். லீக் வருவாயில் கீழ்ப்பிரிவுகளுக்கும் மாவட்ட ஆட்டங்களுக்கும் சட்டப்படி பங்கு. உறுப்பினர் கழகங்களில் பெரும்பான்மை வாக்கு எந்த நிறுவனத்துக்கும் போகாத ஏற்பாடு. ஆட்டக்காரர்க்கும் ஊழியர்க்கும் சம்பளப் பாதுகாப்பும் சங்க உரிமையும். பொதுத்துறையில் விளையாட்டு வேலைவாய்ப்பின் மீட்பு. நகரங்களில் எஞ்சியுள்ள மைதானங்களைக் கட்டட முதலாளிகளிடமிருந்து காத்தல். இவை ஒவ்வொன்றும் தொழிற்சங்கமும் வாலிபர் அமைப்பும் உள்ளூரிலேயே கையிலெடுக்கக்கூடியவை.

அதற்கான ஆற்றல் உரியவர்களிடம் இருக்கிறதா என்று ஐயுறுவோர் 2024 ஆகஸ்ட் 18-ஐ நினைவுகூரட்டும். கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் வன்கொலை செய்யப்பட்டு ஊரே கொந்தளித்த வேளை. பாதுகாப்பைக் காரணங்காட்டி மோகன் பாகான்–ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் இரத்தானது. ஆட்டம் இல்லாத அரங்கின் வாயிலில் இரு அணிகளின் ரசிகர்களும், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களோடு சேர்ந்து, நூறாண்டுப் பகையை மறந்து தோளோடு தோள் நின்று நீதி கேட்டனர். தடியடியையும் சேர்ந்தே தாங்கினர். அன்று அங்கே எந்த உடைமையாளரும் இல்லை. கழகங்கள் மூன்றும் இருந்தன.